எழுதும் பிள்ளையும் எட்டாத பல்கலைக்கழகமும்

(வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"நம் சமுதாயமும் உயர்கல்வியும்" என்பது விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு. தலைப்போ கடல் போன்றது. எனக்குக் கிடைத்திருப்பதோ அரைமணி நேரம். மருத்துவம், பொறியியல், ஆட்சிப்பணித் தேர்வு ஆகியவற்றைப் பற்றி எனக்கு முன்பு பேசியவர்கள் நிறைவாகவே பேசிவிட்டார்கள். ஆகவே அவர்கள் தொடாத ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். நம் வீடுகளில் கதை எழுதுகிற, கவிதை எழுதுகிற பிள்ளை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பிள்ளை அமெரிக்க நாட்டின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இளங்கலை படிக்க விரும்புகிறது. அதற்கு மற்றவர்களுக்கு முன்னதாகவே விண்ணப்பிக்கவும் விரும்புகிறது. அப்போது நாம் செய்ய வேண்டியது யாது? இதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள். "நடக்கிற காரியமா இது?" என்று பின்வரிசையில் ஒருவர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் அவ்வாறு சிரித்தவன்தான். அதைப் பிறகு சொல்லுகிறேன்.

முதலில் இந்த முன்விண்ணப்பம் இன்னதென்று விளக்கிவிடுகிறேன். அந்நாட்டில் கல்வியாண்டு ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பரிலோ தொடங்குகிறது. பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கப் பொதுவான கடைசி நாள், அவ்வாண்டு சனவரித் தொடக்கத்தில் வரும். அதற்கும் இரண்டு மாதம் முன்பாக, பெரும்பாலும் முந்தைய நவம்பர் முதல் நாளுக்குள், விண்ணப்பத்தை அனுப்பி டிசம்பர் நடுவிலேயே முடிவைப் பெற்றுக்கொள்ளும் வழி ஒன்றும் உண்டு. அதில் இரு வகை. "எர்லி டிசிஷன்" என்பது கட்டுப்படுத்தும் வகை. ஒரே ஒரு நிறுவனத்திற்குத்தான் அவ்வாறு விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்துவிட்டால் பிற விண்ணப்பங்களையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே சேர வேண்டும். கொலம்பியா, பிரௌன், டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட் முதலியவை இம்முறையைக் கைக்கொள்கின்றன. "எர்லி ஆக்‌ஷன்" என்பது அவ்வாறு கட்டுப்படுத்தாது. சேருவதா இல்லையா என்பதை மே முதல் நாள் வரை சிந்தித்துச் சொல்லலாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்றும் இவ்வகையின. ஆயினும் அதே பருவத்தில் வேறு தனியார் பல்கலைக்கழகத்திற்கு முன்விண்ணப்பம் செய்யலாகாது என்று பொதுவாகத் தடை விதிக்கின்றன.

முன்விண்ணப்பத்தால் பயன் உண்டா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு கணக்கைச் சொல்லுகிறேன். 2024ஆம் ஆண்டில் சேர்வதற்காக ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர். இடம் பெற்றவர்கள் 1,937 பேர். நூற்றுக்கு நால்வர்கூட இல்லை. அவர்களுள் முன்விண்ணப்பம் செய்தவர்கள் 7,921 பேர். அப்பருவத்திலேயே இடம் பெற்றவர்கள் 692 பேர். நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேர். இந்த வேறுபாடு முழுவதும் முன்னதாக விண்ணப்பித்ததால் வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. விளையாட்டு வீரர்கள் என்று முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும், அங்கே படித்தவர்களின் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் மிகுதி. எனினும் பயன் சிறிதுமில்லை என்று தள்ளவும் முடியாது. ஏவரி, ஃபேர்பேங்க்ஸ், செக்ஹவுசர் என்னும் மூவர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு நூலில், முன்னதாக விண்ணப்பிப்பது சாட் தேர்வில் ஏறத்தாழ நூறு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றதற்குச் சமம் என்று காட்டினார்கள்.

நிறுவனத்திற்கு இதனால் ஆதாயம் உண்டு. இன்ன மாணவர் வந்து சேர்வது உறுதி என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மாணவருக்கும் ஆதாயம் உண்டு. ஆனால் எந்த மாணவருக்கு? நவம்பர் முதல் நாளுக்குள் எல்லாம் ஆயத்தமாக இருக்கிற மாணவருக்கு. இதை நான் சொல்லவில்லை, ஹார்வர்டே சொன்னது. 2006ஆம் ஆண்டில் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும், இம்முறை ஏற்கெனவே வசதி படைத்தோர்க்கே மேலும் வசதி செய்கிறது என்று கூறி முன்விண்ணப்பத்தைக் கைவிட்டன. மற்றவர்களும் தம்மைப் பின்பற்றுவார்கள் என்று எதிர்பார்த்தன. பெரும்பாலோர் பின்பற்றவில்லை. 2011ஆம் ஆண்டில் இரண்டுமே அம்முறையை மீண்டும் கொண்டுவந்துவிட்டன. அநீதி என்று தெரிந்தும் அயலான் விடாததால் நானும் விடேன் என்கிற வழக்கம் நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் மட்டும் இருந்ததன்று போலும்.

நவம்பர் முதல் நாள் என்பது நமக்கு என்ன காலம்? அடைமழைக் காலம். காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுத்து, தீபாவளியை ஒட்டிய நாள்கள். அதற்குள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் செய்திருக்க வேண்டியவற்றைப் பாருங்கள். சாட் தேர்வு எழுதியிருக்க வேண்டும். கோவிட் காலத்தில் அதை விலக்கி வைத்த ஹார்வர்டு, பிரௌன், டார்ட்மத் முதலியன மீண்டும் அதைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆங்கிலத் தகுதித் தேர்வும் பொதுவாகத் தேவை. ஆசிரியர் இருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பள்ளியின் சார்பில் ஓர் ஆலோசகர் கடிதம் வேண்டும். பெற்றோரின் வருமானக் கணக்கு வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, "காமன் அப்ளிகேஷன்" என்னும் பொது விண்ணப்பத்தில் 650 சொற்களுக்கு மிகாமல் தன்னைப் பற்றிய கட்டுரை ஒன்று வேண்டும். இத்தனையும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தனியே செய்வதன்று. வசதியுள்ள வீட்டில் தாயும் தந்தையும் ஆசிரியரும் கட்டணம் வாங்கும் ஆலோசகரும் சேர்ந்து செய்கிறார்கள். முன்னதாக விண்ணப்பிப்பது மாணவர் என்று தாளில் இருக்கும். உண்மையில் முன்னதாக விண்ணப்பிப்பது அவரைச் சுற்றியுள்ளவர்கள்தாம். சிலர் அதற்கும் மேலே சென்று இலஞ்சம் கொடுத்து இடம் வாங்கியதும், 2019ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அவர்கள்மீது வழக்குத் தொடுத்ததும் செய்தித்தாள்களில் வந்தவையே.

இனி, நான் சிரித்த கதைக்கு வருகிறேன்.

2022ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பெயர் வேண்டாம். தந்தைக்குச் செங்கல் சூளையில் வேலை. தாய்க்கு நூறுநாள் வேலை. நம் சங்கத்தின் மாலைநேரப் படிப்பகத்தில் கற்பித்த இளைஞர் ஒருவர் அவளுக்கு ஆங்கிலத்தில் ஆர்வம் ஊட்டி, இந்த முன்விண்ணப்ப வழியையும் சொல்லியிருக்கிறார். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அவள் என் அறைக்கு வந்தாள். "ஐயா, நீங்க ஒரு லெட்டர் எழுதணும், ஒரு கையெழுத்தும் போடணும்" என்றாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டேன். சொன்னாள். சிரித்தேன். "காலாண்டில் கணக்குக்கு என்ன மார்க்கு அம்மா?" என்றும் கேட்டேன். அவள் தலைகுனிந்து நின்றாளே தவிர, போகவில்லை. கட்டுரையை மேசைமேல் வைத்தாள்.

அந்தக் கட்டுரை "எனக்கு மூன்று தந்தையர்" என்று தொடங்கியது. அவளுடைய தந்தையின் பெயரில் உள்ள ஒரு நெடில் சாதிச் சான்றிதழில் குறிலாகியிருந்தது. குடும்ப அட்டையில் பெயர் சரி, தலைப்பெழுத்து தவறு. வங்கிக் கணக்கில் இரண்டும் வேறு. மூன்றையும் ஒன்றாக்குவதற்காக அவள் அலுவலகம் அலுவலகமாக நான்கு முறை நடந்ததைத்தான் எழுதியிருந்தாள். ஒவ்வோர் அலுவலகத்திலும் எந்தப் பலகையில் உட்காரச் சொன்னார்கள், யாரை நிற்கச் சொன்னார்கள் என்பது இருந்தது. சாதி என்ற சொல் சான்றிதழின் பெயரில் ஒருமுறை வந்ததோடு சரி. இறுதியில் தந்தை சொல்கிறார்: "எந்தப் பேருக்கு அரிசி போடுறாங்களோ, அதாம்மா என் பேரு." படிக்கையில் இரண்டு இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு சிவப்பு மையை எடுத்தேன்.

"மூன்று தந்தையர்" என்பதை அடித்தேன். படிப்பவர்கள் தவறாக எண்ணுவார்கள் என்றேன். பல்கலைக்கழகத்திற்கு எழுதுவதில் வேடிக்கை எதற்கு என்று தந்தையின் பேச்சையும் நீக்கினேன். திருக்குறள் ஒன்றும் அண்ணலின் பொன்மொழி ஒன்றும் சேர்த்தேன். கல்வியின் பெருமையைப் பற்றி ஒரு பத்தி. நாட்டுக்குத் தொண்டு செய்வேன் என்று ஒரு முடிவு. இக்காலத்தில் கணினியே கட்டுரை எழுதித் தருகிறது என்கிறார்கள். என் திருத்தமும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் திருத்தியது என்பதால் அதையே அனுப்பினாள்.

என் கடிதம் அதனினும் மோசம். நமக்கு எழுதத் தெரிந்த கடிதம் ஒன்றே ஒன்று: நன்னடத்தைச் சான்று. "இவர் இப்பள்ளியில் இன்ன ஆண்டு முதல் பயில்கிறார். பணிவும் ஒழுங்கும் உடையவர். எனக்குத் தெரிந்தவரை நடத்தை நன்று." இதை ஆங்கிலத்தில் மூன்று வரியாக எழுதி, முத்திரை குத்தி, பச்சை மையில் கையெழுத்திட்டேன். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து நம் பள்ளி நூலகத்தின் பூட்டிய அலமாரிக்கு முன்னால் நின்று சாவி கேட்டவள் என்பதை நான் அறிவேன். சுதந்திர தின விழாவில் தானே எழுதிய நாடகத்தைத் தானே இயக்கியவள் என்பதையும் அறிவேன். ஒரு வரிகூட அவற்றைப் பற்றி எழுதவில்லை. எழுதலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பரில் இடமில்லை என்று முடிவு வந்தது. என்னால்தான் வரவில்லை என்று சொல்லிக்கொள்வதும் ஒருவகைத் தற்பெருமையே. அங்கே பல்லாயிரம் பேருக்கு இடம் மறுக்கப்படுகிறது. ஆயினும் ஒன்று மட்டும் உறுதி. அவள் எழுதியதை அவர்கள் படிக்கவேயில்லை. நான் எழுதியதைத்தான் படித்தார்கள். அவள் பின்னர் மாவட்டத் தலைநகரின் அரசு கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தாள். அந்தக் கட்டுரையின் முதற்படியைச் சில மாதங்களுக்குப் பின் கேட்டேன். "அது இல்லீங்க ஐயா" என்றாள். என்னிடமும் இல்லை.

இதை வெள்ளிவிழா மேடையில் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளின் கட்டுரையை நாசமாக்குவதற்கு இருவகை அறிவுரைகள் ஆயத்தமாக இருக்கின்றன. "சாதியைப் பற்றி மூச்சு விடாதே, மறைத்துவிடு" என்பது ஒன்று. "அடிபட்டதையும் அவமானப்பட்டதையும் கொட்டி எழுது, அங்கே அதற்குத்தான் மதிப்பு" என்பது மற்றொன்று. முதலாவது நம்மை அச்சுறுத்தி வளர்த்தவர்களின் குரல். இரண்டாவது நம்மீது அன்பு கொண்டவர்களின் குரல். ஆகையால் அதை மறுப்பது கடினம்.

அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2023ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளும் முறையை நீக்கிவிட்டது. ஆனால் தன் இனம் தன் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று மாணவர் தாமே எழுதினால் அதைக் கருதலாம் என்றும் தீர்ப்பு கூறுகிறது. அதனால் அங்குள்ள கறுப்பின மாணவருக்கும், வடுவைக் காட்டினால்தான் வாசல் திறக்கும் என்னும் நெருக்கடி அந்த 650 சொற்களுக்குள் வந்து விழுந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கோ இன்னொரு தொல்லையும் உண்டு. படிப்பவருக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். விளக்கத் தொடங்கினால் சொற்கள் தீர்ந்துபோகும். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும் பிரௌன் பல்கலைக்கழகம் 2022இலும் தம் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்திருக்கின்றன. அறிந்தவர்கள் அங்கே பெருகி வருகிறார்கள் என்பதற்கு அது சான்று. எனினும் எழுதுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது அப்பிள்ளையே. நாம் எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது.

எவ்வாறு எழுதுவது என்று கேட்டால் அண்ணல் அம்பேத்கரிடமே போகலாம். "விசாவுக்காகக் காத்திருத்தல்" என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். சிறுவராய் இருந்தபோது, தொலைவில் பணியாற்றிய தந்தையைப் பார்க்க உடன்பிறந்தார் முதலியோருடன் புகைவண்டியில் சென்று மசூர் நிலையத்தில் இறங்குகிறார். நன்றாக உடுத்தியிருந்த பிள்ளைகளைக் கண்டு பேசவந்த நிலைய அதிகாரி, அவர்கள் மகர் சாதியினர் என்றறிந்ததும் ஒதுங்குகிறார். வண்டிக்காரர் எவரும் வரவில்லை. கடைசியில் இரட்டிப்புக் கூலிக்கு ஒருவர் இசைகிறார். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் உடன் நடந்துவருவார். இதில் அண்ணல் கண்ணீர் வடிக்கவில்லை. கூலிக் கணக்கைச் சொல்கிறார், கூடையில் உணவு இருந்தும் குடிக்க நீரின்றித் தவித்ததைச் சொல்கிறார். படிப்பவர் நெஞ்சு தானே பதைக்கிறது. என் மாணவி அந்நூலைப் படித்திருக்கவில்லை. ஆனால் உட்காரும் பலகையை அவள் பார்த்த பார்வை அதே பள்ளியைச் சேர்ந்தது. சிவப்பு மை வைத்திருந்தவனுக்குத்தான் அது தெரியவில்லை.

அண்ணலைக் குறித்தபோது இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுப்படுத்தும் முன்விண்ணப்பத்தில் மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் ஆகிய மூவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். நம் பள்ளிகளில் ஆலோசகர் என்னும் பதவி இல்லை. அந்த இடத்தில் தலைமையாசிரியர் கையெழுத்திடுகிறார். அன்று அந்தத் தாளைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. நாளை வழக்கு வந்தால் பதில் சொல்வது யார் என்று கேட்டேன். ஒப்பந்தம் என்றால் நம்மவர்க்கு அச்சம் இருப்பது இயற்கை. அண்ணலும் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டுத்தான் 1913ஆம் ஆண்டு கொலம்பியாவுக்குக் கப்பலேறினார். பரோடா சமஸ்தானம் மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை அளித்தது. படித்துவிட்டு வந்து பத்தாண்டுகள் அங்கே பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை. 1917இல் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பரோடாவுக்குத் திரும்பினார். அவ்வூரில் அவருக்கு நிலையாகத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பத்திரம் அவரைக் கட்டியதே தவிர ஊரைக் கட்டவில்லை.

ஆகவே, கையெழுத்திடும் முன் அது யாரை எதற்குக் கட்டுகிறது என்று படித்துப் பார்ப்பது நம் கடமை. எர்லி டிசிஷன் ஒப்பந்தம் நாணயத்தைப் பிணையாக வைத்தது. பொதுவாக நீதிமன்றம் ஏறுவதன்று. நிறுவனம் அளிக்கும் உதவித்தொகை குடும்பத்திற்குப் போதாது எனில் விலகிக்கொள்ள இடமுண்டு. ஆனால் நான்கு இடங்களில் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இதில் இல்லை. இத்தகைய பல்கலைக்கழகங்களில் ஓர் ஆண்டுச் செலவு 80,000 டாலருக்கு மேல். நம்மில் எவர் வீட்டிலும் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கொடுப்பதும் பெரும்பாடு. 1954ஆம் ஆண்டில் தொடங்கிய மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே உரியது, இளங்கலைக்கு இல்லை. 2022ஆம் ஆண்டு விதிகளில் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுப் பொருள்களையும் அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். நம் வாழ்வை நாமே அயல்நாட்டில் ஆராய அப்பணம் கிடையாது என்பதன் பொருளை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எஞ்சுவது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்தொகையே. இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. பெரும்பாலான இடங்களில், பணம் கேட்கும் அயல்நாட்டு மாணவரின் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. அண்ணல் படித்த கொலம்பியாவும் அயல்நாட்டு மாணவரின் பணத்தேவையைச் சேர்க்கையில் கணக்கில் கொள்வதே. அயல்நாட்டவராயினும் பணத்தேவையைப் பாராமல் தேர்ந்தெடுத்து, பிறகு முழுத் தேவையையும் தாமே ஈடுசெய்பவை மிகச் சிலவே. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை அவ்வாறு செய்பவை. டார்ட்மத் 2022 முதலும், பிரௌன் 2025இல் சேர்ந்த வகுப்பு முதலும் அவ்வாறு செய்கின்றன. நம் பிள்ளை முன்விண்ணப்பம் செய்வதாயின் இச்சிலவற்றுள் ஒன்றுக்கே செய்ய வேண்டும் என்பது என் கருத்து. உதவி வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைத்துவிட்டுப் பின்னர் கேட்டால் பல இடங்களில் கிடைக்காது.

முன்பருவத்தில் மறுக்கப்பட்டவர் அவ்வாண்டில் அதே இடத்திற்கு மீண்டும் விண்ணப்பிக்க இயலாது என்பதையும் மறக்கலாகாது. ஒத்திவைக்கப்பட்டால் மட்டும் இரண்டாம் முறை பார்ப்பார்கள். எழுதுகிற பிள்ளைக்கு அக்டோபருக்கும் சனவரிக்கும் இடையே உள்ள இரண்டு மாதம் சிறிதன்று. பதினேழு வயதில் இரண்டு மாதத்தில் நடை மாறுகிறது. அக்டோபரில் கட்டுரை காயாக இருந்தால் பறிக்க வேண்டாம். கணக்கில் ஒரு விழுக்காடு கூடும் என்பதற்காக அவசரப்படுத்த வேண்டாம்.

அவசரமாகச் செய்ய வேண்டியது வேறொன்று. அதை ஒன்பதாம் வகுப்பிலேயே செய்ய வேண்டும். பிறப்புச் சான்று, சாதிச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், பள்ளிப் பதிவேடு ஆகிய அனைத்திலும் பிள்ளையின் பெயரும் தந்தையின் பெயரும் ஒன்றாக இருக்கச் செய்யுங்கள். கடவுச்சீட்டு எடுக்கும்போது அந்த நெடிலும் குறிலும் வந்து வழிமறிக்கும். என் மாணவி வேடிக்கையாக எழுதியது வேடிக்கையன்று என்று எனக்குப் பின்னரே புரிந்தது.

அடுத்தது எழுத்துப் பயிற்சி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், ஆசிரியர் திருத்தி மதிப்பெண் இட்ட கட்டுரை ஒன்றையும் விண்ணப்பத்தோடு கேட்கிறது. நம் பள்ளிகளில் அப்படி அனுப்பத்தக்க கட்டுரை எத்தனை இருக்கும்? நாற்பது ஏடுகளைத் திருத்தினால் நாற்பதிலும் ஒரே கட்டுரை. துணைநூலில் உள்ள அதே ஐந்து தலைப்பு, அதே மேற்கோள். பிழை மட்டும் ஏட்டுக்கு ஏடு வேறு. குற்றம் பிள்ளைகளுடையதன்று. நாங்கள் மதிப்பெண் போட்டது மனப்பாடத்திற்கே. மாதம் ஒரு கட்டுரையாவது பிள்ளை தான் கண்டதைத் தமிழில் எழுதி, பிறகு தானே ஆங்கிலத்தில் ஆக்கட்டும். தமிழில் நன்றாக எழுதும் பிள்ளையை ஆங்கிலம் வராதென்று ஒதுக்குவது பெரும் தவறு. பேசத் தெரிந்த கதையைத்தான் எம்மொழியிலும் எழுத முடியும்.

எழுதியதை வெளியே அனுப்பவும் கட்டணமில்லா வழிகள் உண்டு. இலண்டனிலுள்ள கவிதைச் சங்கம் நடத்தும் ஃபாயில் இளங்கவிஞர் போட்டியில், 11 வயது முதல் 17 வயது வரை உள்ள எந்த நாட்டுப் பிள்ளையும் கலந்துகொள்ளலாம். ராயல் காமன்வெல்த் சங்கம் 1883 முதல் நடத்திவரும் கட்டுரைப் போட்டியில் காமன்வெல்த் நாட்டு இளைஞர் எவரும் கலந்துகொள்ளலாம். இந்தியாவும் அதில் அடங்கும். பரிசு கிடைக்காவிட்டாலும் நாளுக்குள் எழுதி முடித்து அனுப்பும் பழக்கம் வரும். சங்கத்தின் படிப்பகத்தில் இவ்விரண்டின் கடைசி நாள்களையும் சுவரில் எழுதிவைத்தால் போதும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரிந்துரைக் கடிதத்தில் "நடத்தை நன்று" என்று எழுதாதீர்கள். அப்பிள்ளை என்ன கேள்வி கேட்டது, என்ன செய்தது, எந்த நாளில் உங்களை வியக்க வைத்தது என்று எழுதுங்கள். அதற்குப் பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும். நானே இப்போது ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறேன்; வகுப்பைச் சுற்றி வரும்போது கண்டதை அதில் குறித்துக்கொள்கிறேன். தலைமையாசிரியர் ஏதோ புகார் எழுதுகிறார் என்று ஆசிரியர்கள் சிலர் முதலில் கலவரப்பட்டது உண்மை.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு தடையையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் எழுத்தாளரை உண்டாக்குவதில்லை. கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1921ஆம் ஆண்டில் கொலம்பியாவில் சேர்ந்தார். சேரும் முன்பே அவருடைய புகழ்பெற்ற நதிக் கவிதை "கிரைசிஸ்" இதழில் வந்துவிட்டது. விடுதியில் அறை ஒதுக்கியவர்கள் அவர் கறுப்பர் என்று நேரில் கண்டதும் திகைத்தார்கள். ஓராண்டில் அங்கிருந்து வெளியேறினார். கப்பலில் வேலை செய்தார். முதல் கவிதைத் தொகுதி 1926இல் வந்தது. லிங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றது 1929இல்தான். நம்மிடையே 1992இல் "கருக்கு" எழுதிய பாமாவும், 2020ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இமையமும் பள்ளி ஆசிரியர்களாகப் பணியாற்றியவர்கள். இதைச் சொல்லுகையில் எனக்குச் சற்றுப் பெருமை என்பதை மறைக்கவில்லை. ஆகவே டிசம்பரில் மறுப்பு வந்தால் எழுத்து மறுக்கப்பட்டதாகப் பிள்ளை எண்ணிவிடக் கூடாது. நாமும் எண்ணிவிடக் கூடாது. அப்படியானால் எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். நூலகமும் நேரமும் உணவும் நான்காண்டு கவலையின்றிக் கிடைப்பது எழுதுகிறவர்க்கு அற்பமா? பிறர் பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். நம் பிள்ளையும் கேட்கட்டும்.

சங்கத்தின் செயற்குழுவிடம் ஒன்று வேண்டுகிறேன். எழுதும் பிள்ளைகளுக்கென மூன்று பேர் பொறுப்பேற்க வேண்டும்: தாள்களைச் சரிசெய்ய ஒருவர், ஆங்கிலம் பார்க்க ஒருவர், நாள் தவறாமல் நினைவூட்ட ஒருவர். மூவரில் எவரும் சிவப்பு மை வைத்திருக்கக் கூடாது. என் பள்ளியில் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேர் எழுதுகிறார்கள். ஒருவன் பேய்க்கதை, ஒருத்தி தன் பாட்டியின் வழக்குகளைப் பற்றி. இருவரின் பெற்றோரையும் குடும்ப அட்டையும் பிறப்புச் சான்றும் எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படிப்பகத்திற்கு வரச் சொல்லியிருக்கிறேன். பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவக்கூடியவர்கள் அன்று வாருங்கள்.